முதல் சம்பளம்

முதல் சம்பளம் கைக்கு வந்ததும் ஆசைகளும் வரிசையாக வந்து நிற்கும். புதிய கைப்பேசி, நல்ல உடை, தோழிகளோடு ஒரு சுற்றுலா எனப் பட்டியல் நீளும். வேலைக்குச் செல்லும் இளம்பெண்ணின் இந்த ஆசைகளைக் குறை கூறுவது நியாயமன்று. உழைத்து ஈட்டிய பணத்தில் சிறிது மகிழ அவளுக்கு உரிமை உண்டு. ஆனால், கணக்குப் பாராமல் செலவழித்தால்தான் சிக்கல் தொடங்குகிறது.

மலேசியாவில் 2,000 ரிங்கிட் சம்பளம் பெறும் ஒரு பெண்ணுக்கு, ஊழியர் சேமநிதிக்காக 11 விழுக்காடு, அதாவது 220 ரிங்கிட், முன்னரே கழிக்கப்படும். சொக்சோ பிடித்தமும் போக, ஏறக்குறைய 1,750 ரிங்கிட் கைக்கு வரும். வாடகை, உணவு, போக்குவரத்து, பெற்றோருக்குக் கொடுக்கும் பணம் ஆகியவற்றுக்குப் பின் எஞ்சுவது கொஞ்சமே. இந்நிலையில், ‘மாதம் 60 ரிங்கிட் தவணை’ என்னும் விளம்பரம் எளிதாகத் தோன்றும். அவ்வாறு ஆறு பொருள்களை வாங்கினால் மாதந்தோறும் 360 ரிங்கிட் போய்விடும்.

கைக்கு வராத பணம் செலவாவதில்லை என்பதே சேமநிதி கற்றுத்தரும் பாடம். அதைப் போலவே, சம்பளம் வந்த அன்றே 150 ரிங்கிட்டை வேறு கணக்கில் போட்டால் ஓராண்டில் 1,800 ரிங்கிட் சேரும். அது கைக்கு வரும் ஒரு மாதச் சம்பளத்திற்கு ஏறக்குறைய ஈடாகும். திடீரென வேலை போனாலும், மரியாதை இல்லாத வேலையிடத்தை விட்டு விலக நேர்ந்தாலும், ஒரு மாதமாவது பிறரிடம் கையேந்தாமல் சமாளிக்கலாம்.

ஆசைகளுக்கும் ஒரு தொகையை ஒதுக்கலாம். அது தீர்ந்தால் அடுத்த மாதம்வரை காத்திருக்கலாம். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. அளந்து செலவழித்துச் சேமிக்கும் பெண்ணே தன் வாழ்க்கையைப் பற்றித் துணிந்து முடிவெடுப்பாள்.