கரிசல் வெயிலில் பிரெஞ்சு ரொட்டி

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ரொட்டி வாங்கினால், "வீட்ல யாருக்குங்க காய்ச்சல்?" என்று விசாரிப்பார்கள். மொறுமொறு பிரெஞ்சு ரொட்டியைப் பார்க்காததால் வந்த சந்தேகம்!

மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட்... சமாசாரம் இவ்வளவுதான். பாரம்பரிய ரொட்டி என்று விற்பதில் ரசாயனம் கலக்கக் கூடாதென்று பிரான்ஸில் 1993-ல் அரசாணையே போட்டார்கள்.

நம்ம ஊரில் வம்பு பண்ணுவது வெயில். குளிர்தேசத்து ஈஸ்ட் கணக்கைப் போட்டால், இட்லி மாவு கணக்காகப் பொங்கிப் புளித்து வழியும். அரைக் கிலோ மைதாவுக்கு ஒரு சிட்டிகை ஈஸ்ட், இரண்டு டீஸ்பூன் உப்பு, மண்பானைத் தண்ணீர் 325 மில்லி போதும். ராத்திரி பிசைந்து மூடுங்கள். விடியற்காலையில் இரண்டு பங்காகியிருக்கும். உருட்டி முக்கால் மணி நேரம் விட்டு, உச்சியில் பிளேடால் கீறுங்கள். 230 டிகிரி ஓவனில் காய்ந்த கனத்த இரும்புச் சட்டியில் இறக்கி, மூடி 25 நிமிஷம், திறந்து 15 நிமிஷம். மாவின் ஆவி உள்ளேயே சுற்றுவதால்தான் தோல் சட்டென்று காயாமல் ரொட்டி உப்புகிறது.

பாண்டிச்சேரிக் கடல் காற்றில் மேலோடு சீக்கிரம் நமத்துவிடும். நம்ம வறண்ட காற்றில் கூடுதல் நேரம் தாங்கும். வெயிலுக்கும் ஒரு நன்றி!

வாசனைக்கு வாண்டுகள் தட்டோடு வந்து நிற்கும். சூட்டோடு அறுத்தால் உள்ளே பிசுபிசுக்கும். ஒரு மணி நேரம் ஆறட்டும். அதற்குள் புளிக்குழம்பு கொதித்துவிடும்.