பெயர்க்கல் இல்லாத கல்லறை

விடிவதற்குள் ஜொகூர் கடற்பாலத்தில் மோட்டார் சைக்கிளில் காத்திருக்கும் நம் இளையோருக்கு வீட்டுக் கடன், கார் தவணை, பதவி உயர்வு என்று எத்தனையோ கவலைகள்! எல்லாம் நம் கையில்தான் என்று எண்ணும்போது பாரம் இன்னும் கூடுகிறது, இல்லையா?

ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பாருங்கள். 1867-இல் அயர்லாந்தில் பிறந்தவர். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில், பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமிகளுக்கு 1901 முதல் தாயானார். பசித்த வயிறுகள் பெருகியபோதும் பணம் கேட்டு எவரிடமும் கையேந்தவில்லை. தேவைகளை ஜெபத்தில் வைத்தார். 1931-இல் விழுந்து அடிபட்டபின், ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன. ஓடியாடி உழைத்தவர் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. ஆனாலும் படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார்.

1951-இல் மறைந்தார். கல்லறைமேல் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, தாயை அழைக்கும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள்.

தாழ்மை என்றால் தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது என்று நினைக்கிறோம். உழைப்பு நம் பங்கு, விளைச்சல் ஆண்டவர் பங்கு என்று அறிந்திருப்பதே தாழ்மை. வேலையை விட வேண்டாம்; 'என்னால்தான்' என்பதை மட்டும் விட்டுப் பாருங்கள். தோள் கொஞ்சம் லேசாகும்.