அன்பைக் குற்றமென்று எழுதும் பேனா

இருவர் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். இருவரும் வயது வந்தவர்கள், மனமொப்பியவர்கள், எவருக்கும் தீங்கிழைக்காதவர்கள். ஆயினும் அவ்விருவரும் ஆண்களாகவோ, இருவரும் பெண்களாகவோ இருந்துவிட்டால், நம் பத்திரிகைகள் 'விபரீத உறவு' என்றும் 'கலாசாரச் சீரழிவு' என்றும் தலைப்பிடத் தயங்குவதில்லை. இது செய்தியா? விசாரணையின்றி வழங்கும் தீர்ப்பு அன்றோ!

இப்பேனா எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சான்று உண்டு. பெண்ணை விரும்பும் பெண்களின் மாநாட்டின்மீது பாலாத்காரக் குற்றவாளிகளை ஏவிவிட வேண்டுமென்ற வாசகர் கடிதத்தை 1999ஆம் ஆண்டிலே கொழும்பு ஆங்கில நாளேடொன்று வெளியிட்டது. இதனை எதிர்த்துப் பத்திரிகைப் பேரவையிடம் முறையிடப்பட்டது. 2000ஆம் ஆண்டிலே பேரவை என்ன செய்தது? பத்திரிகையைக் கண்டித்ததா? இல்லை. முறையிட்டவரையே 2,100 ரூபா செலுத்துமாறு பணித்தது! அத்தகைய உறவைச் சட்டம் குற்றமென்கிறது என்பது பேரவை காட்டிய நியாயங்களுள் ஒன்று.

எந்தச் சட்டம்? ஆங்கிலேயர் ஆட்சியிலே, 1883இல் பிறந்த தண்டனைச் சட்டக்கோவை. அதன் 365அ பிரிவு முன்னர் ஆண்களை மட்டுமே பிணித்தது. 1995இல் திருத்த வந்தவர்கள் அவ்விலங்கை உடைத்தார்களா? பெண்களின் காலிலும் பூட்டிவிட்டுச் சென்றார்கள்! சட்டத்தைத் தந்த இங்கிலாந்தோ 1967இலேயே அவ்விலங்கைத் தளர்த்தத் தொடங்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் உடைத்தது. நமது உயர் நீதிமன்றமும், இக்குற்றத்தை நீக்க வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023இல் அறிவித்தது. நீதிமன்றம் கதவைத் திறந்தது. பாராளுமன்றம் உள்ளே நுழையவில்லை. 2024இல் அப்பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது சட்டமூலம் நிறைவேறாமலே கிடந்தது.

"இதனை நீக்கினால் சிறுவர்க்குக் காவல் யாது?" என்று கேட்போர் உளர். நேர்மையான கேள்வி, நேரான விடையும் உண்டு. பாலாத்காரத்தைத் தண்டிக்க 364ஆம் பிரிவும், பாரதூரமான பாலியல் துன்புறுத்தலைத் தண்டிக்க 365ஆ பிரிவும் அதே கோவையில் உள்ளன. சம்மதமற்ற செயலைத் தண்டிப்பது நீதி. வளர்ந்தவர் இருவர் மனமொப்பிக் கொண்ட அன்பைத் தண்டிப்பது அதிகாரத் திமிர். இவ்வேறுபாட்டை அறியாத நிருபர் நீதிமன்றச் செய்தி எழுதத் தகுதியற்றவர்.

"இது மேல்நாட்டுச் சரக்கு" என்பது அடுத்த வாதம். வள்ளுவர் தம் 133 அதிகாரங்களுள் 25ஐ இன்பத்துக்கென்றே ஒதுக்கினார். அவர் பாடியது ஆண் பெண் காதலையே, மறுக்கவில்லை. ஆயினும் உடலின்பத்தைப் பேசக் கூசுவது தமிழ் மரபன்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? கப்பலேறி வந்தது இந்த அன்பன்று. அதைத் தண்டிக்கும் சட்டமே.

மரியாதையாக எழுதத் தமிழிலே சொல்லில்லை என்பதும் பொய். சென்னை உயர் நீதிமன்றத்திலே 2021இல் எழுந்த வழக்கின் பயனாகத் தமிழ்நாட்டரசு 2022இல் அத்தகைய சொற்களைத் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் என்று எழுதினால் எவர் பேனா முறியும்?

வாசகர்களே! இது கொழும்பு மாடி வீடுகளின் பொழுதுபோக்கன்று. வன்னி வயலிலும், யாழ்ப்பாணத் தோட்டத்திலும், படுவான்கரையிலும் இத்தகைய பிள்ளைகள் பிறக்கின்றனர். தம்மைப் பற்றித் தம் தாய்மொழியிலே அவர்கள் முதன்முதலில் வாசிப்பது வசைமொழியானால், எவரிடம் சென்று வாய் திறப்பர்? சமத்துவம் கேட்டுப் பல தசாப்தங்கள் குரல் கொடுத்த இனம், அதனைத் தன் வீட்டுப் பிள்ளைக்கு மறுக்கலாமா?

பத்திரிகாசிரியர்களை நாம் கேட்பது சலுகையன்று. வசைச்சொற்களைக் கைவிடுங்கள். குற்றத்தையும் காதலையும் ஒரே பத்தியில் அடைக்காதீர்கள். அம்மனிதர்களின் வாழ்வையும் மகிழ்வையும் அவர்கள் வாயாலேயே சொல்லவிடுங்கள். சட்டம் மாறும் நாள் பாராளுமன்றத்தின் கையில் உள்ளது. சொல் மாறும் நாள் உங்கள் கையில் உள்ளது. அதனை நாளை என்று தள்ளாதீர்கள்!