ஒரு வரி பிசகினால்...

ஒரே புற்றுநோய், ஒரே மருந்து. ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்பதில்லை. கட்டியில் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு தீவிரமாக இயங்குகின்றன என்று அளந்தால், யாருக்கு எந்தக் கீமோ மருந்து பலன் தரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என 2006இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதினார்கள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அனில் பொட்டி, ஜோசப் நெவின்ஸ் குழுவினர். அடுத்த ஆண்டே நோயாளிகளிடம் பரிசோதனை தொடங்கியது.

ஹூஸ்டனின் எம்.டி.ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த புள்ளியியலாளர்கள் கீத் பாகர்லி, கெவின் கூம்ப்ஸ் இருவரும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். விடை வரவில்லை. தோண்டியதில் காரணம் அகப்பட்டது: மரபணுப் பட்டியல் ஒரு வரி கீழே நகர்ந்திருந்தது. ஒரு மரபணுவின் அளவு பக்கத்து மரபணுவின் பெயரில் ஏறியிருந்தது. சில மருந்துகளுக்கு 'கேட்கும்', 'கேட்காது' என்ற அடையாளங்களே இடம் மாறியிருந்தன. அப்படியானால், பலன் தராத மருந்தையே சோதனை பரிந்துரைக்கக்கூடும்.

2009இல் இருவரும் இதை விரிவாக வெளியிட்டார்கள். பல்கலைக்கழகம் பரிசோதனையை நிறுத்தி, வெளியாரைக் கொண்டு ஆராய்ந்தது; ஆனால், பாகர்லி புதிதாக அனுப்பிய ஆட்சேபங்கள் அவர்கள் கைக்குப் போகவே இல்லை. 2010 தொடக்கத்தில் பரிசோதனை மீண்டும் நடந்தது. அந்த ஜூலையில், பொட்டி தன்னை ரோட்ஸ் உதவித்தொகை பெற்றவர் என்று சொல்லிக்கொண்டது பொய் என்பதை 'தி கேன்சர் லெட்டர்' செய்தியிதழ் அம்பலப்படுத்திய பிறகுதான் எல்லாம் நின்றது. கணக்கில் இருந்த பிழைக்கு அசையாத நிர்வாகம், தன்விவரக் குறிப்பில் இருந்த பொய்க்கு அசைந்தது.

2011இல் 'நேச்சர் மெடிசின்' கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவுகளில் முறைகேடு நடந்ததாக 2015இல் அமெரிக்க ஆய்வு நேர்மை அலுவலகம் அறிவித்தது. நிதி கேட்ட விண்ணப்பத்தில், ஒரு மருந்துக்கு 33 பேரில் 6 பேர் பலன் கண்டதாக எழுதப்பட்டிருந்தது. உண்மையில் சேர்ந்தவர்களே 4 பேர், பலன் கண்டவர் ஒருவரும் இல்லை.

இதனால் துறையே போலி என்றாகிவிடாது. மார்பகப் புற்றுநோய்க்கான 21 மரபணுச் சோதனை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்பட்டது. ஒருவகை ஆரம்பகட்ட நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் கீமோ தேவையில்லை என்று 2018இல் அது காட்டியது. இரண்டுக்கும் வித்தியாசம் பொறுமையும் சரிபார்ப்பும்தான்.

ஆயிரக்கணக்கான எண்களை இதழ் ஆசிரியராலும் பார்க்க முடியாது, மருத்துவராலும் பார்க்க முடியாது. எனவே, தரவும் கணிப்பு நிரலும் வெளியே வைக்கப்பட வேண்டும். நோயாளியைத் தொடுமுன் தொடர்பில்லாத இன்னொரு குழு அவற்றைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் இன்று கண்டுபிடிப்பவருக்குத்தான் நிதியும் பதவியும். சரிபார்ப்பவருக்கு மிஞ்சுவது பகைதான். ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் சரிபார்ப்புக்கென்று ஒரு பங்கைக் கட்டாயமாக்காதவரை, அடுத்த பிழையையும் நோயாளியின் உடம்பில்தான் கண்டறிவோம்.