வயிற்றுப் பிள்ளையின் வழக்கு

நமது நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் 303ஆம் பிரிவு என ஒன்று உண்டு. 1883ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஆக்கிய அக்கோவை, அவர் கப்பலேறிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும் நம்மை ஆண்டுகொண்டே இருக்கிறது. தாயின் உயிரைக் காக்கும் நன்னோக்கத்தோடன்றி வேறெக் காரணத்தாலும் கருவைச் சிதைப்பவர்க்கு 3 ஆண்டு வரை மறியல்; பெண்ணின் வயிற்றிலே பிள்ளை துடித்த பின்னராயின் 7 ஆண்டு வரை மறியல். தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்குள் அடங்குவாள்.

பிள்ளை துடித்தல் என்பது நம் பாட்டிமார் நன்கறிந்த சொல். முதற் பிள்ளையைச் சுமப்பவள் 18 அல்லது 20 வாரமளவில் அதனை உணர்கிறாள். முன்பு பெற்றவள் 16 வாரமளவிலேயே உணர்ந்துவிடுவாள். வயிற்றில் அசையும் ஆற்றல் வந்தவுடன் சட்டத்தின் கண்ணுக்கு உயிர் தொடங்கிவிடுகிறது என்று ஆங்கில நாட்டுப் பழைய சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதிவைத்தார். 1803இல் அங்கே பிறந்த சட்டம், துடித்த பின் கருவைச் சிதைப்பவனுக்குத் தூக்குமேடையையும், துடிக்குமுன் சிதைப்பவனுக்கு அதனிற் குறைந்த தண்டனையையும் விதித்தது. 1837இல் ஆங்கிலேயர் தம் நாட்டில் இவ்வேறுபாட்டை ஒழித்துவிட்டனர். ஒழித்த சரக்கையே 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவாகவும், பின்னர் நமக்கு 303ஆம் பிரிவாகவும் ஏற்றி அனுப்பினர்! தமக்கு ஆகாதென்று கழித்ததை நமக்கு அணிவித்த கதை இது ஒன்றுதானா?

நிற்க. மருத்துவம் கூறுவது யாது? கருவுற்ற 22ஆம் நாளளவில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் ஆகவேண்டிய நரம்புக் குழாய் 28ஆம் நாளளவில் மூடிக்கொள்கிறது. பல தாய்மார் தாம் கருவுற்றதையே உறுதி செய்துகொள்ளாத காலம் அது. 8 வாரம் நிறையும்போது முதன்மையான உறுப்புகள் யாவும் உருவமைப்புப் பெற்றுவிடுகின்றன. கரு அசையவும் தொடங்கிவிடுகிறது. அவ்வசைவு தாய்க்கு எட்டாத அளவு சிறிது, அவ்வளவே. நுரையீரலோ நெடுங்காலம் முதிராது கிடக்கிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணி ஏறத்தாழ 24 வாரம் சென்ற பின்னரே, அதுவும் இயந்திரங்களின் துணையோடு, பிள்ளை வெளியுலகில் பிழைக்கும் வாய்ப்பைப் பெறுகிறது. ஆகவே துடிப்பு என்பது தாய் பிள்ளையை அறிந்த நாளேயன்றிப் பிள்ளை வேறொன்றாகிய நாள் அன்று. அதனை அளவுகோலாக்கி ஒருத்தியின் மறியற் காலத்தை இரட்டிப்பதினும் மேலாக உயர்த்துவது அறிவுக்கு ஒவ்வுமா?

அப்படியாயின் கருவுற்ற கணத்திலேயே தாயோடு ஒத்த உரிமையைக் கருவுக்கு வழங்கிவிடுவோம் என்பார் உளர். அவர்களுட் பலர் நேர்மையாளர். உயிரிடத்து அவர்கள் கொண்ட மதிப்பை நாம் இகழவில்லை. ஆயினும் அயர்லாந்து அவ்வழியிற் சென்று பார்த்தது. 1983இல் பிறவாத பிள்ளையின் உயிருக்குத் தாயின் உயிரோடு சமவுரிமையை அந்நாடு தன் அரசியலமைப்பிலேயே எழுதியது. 2012இல், இந்தியாவிலிருந்து சென்று அங்கே வாழ்ந்த பல் வைத்தியர் சவிதா ஹாலப்பனாவர், 17 வாரக் கரு கலைந்துகொண்டிருந்த நிலையில் வைத்தியசாலையை அடைந்தார். கரு பிழைக்காதென்பது தெரிந்தும், அதன் இதயம் துடித்துக்கொண்டிருந்தமையால் அவர் கேட்ட சிகிச்சை மறுக்கப்பட்டது. குருதியில் நஞ்சேறி அவர் மாண்டார். அவருக்கு வயது 31. கருவும் பிழைக்கவில்லை. 2018இல் அந்நாட்டு மக்களே வாக்களித்து அவ்வாசகத்தை நீக்கினர்.

இதற்கு நேர்மாறாக நமது குடியியற் சட்டம் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறது பாருங்கள். தந்தை இறக்கும்போது வயிற்றிலிருந்த பிள்ளை பின்னர் உயிரோடு பிறந்தால், முதுசத்தில் அதற்கும் பங்கு உண்டு. காணி பிரித்த எவரும் இதனை அறிவர். பிள்ளையின் நன்மைக்கு வேண்டிய இடத்து, வயிற்றுப் பிள்ளையைப் பிறந்த பிள்ளையாகவே கொள்க என்பது உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின் பழைய விதி. அச்சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில், வயிற்றிலிருக்கையில் பிறர் கவனயீனத்தால் காயமுற்ற பிள்ளையும் பிறந்த பின் வழக்காடலாம் என 1963இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தாலிடோமைட் என்னும் மாத்திரை, கருவின் முதற் சில வாரங்களில் தாய்மார் உட்கொண்டதனாலேயே, ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கைகால் குறைந்து பிறக்கச் செய்தது. 1961இல் அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதன் பின்னெழுந்த வாதங்களின் பயனாக இங்கிலாந்தும் 1976இல் அத்தகைய பிள்ளைகளுக்கு வழக்குரிமையை எழுத்திலே வைத்தது. இவையெல்லாம் பிள்ளைக்கு உரிமை தருகின்றன. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. உரிமை கருவிலே முளைத்துப் பிறப்பிலே நிறைவு பெறுகிறது. நாம் இந்த வழியையே ஏற்கிறோம்.

1995இல் தண்டனைச் சட்டக் கோவை திருத்தப்பட்டபோது, வன்புணர்ச்சியால் உண்டான கருவுக்கும் கடுங்குறையுடைய கருவுக்கும் விலக்களிக்க முன்வைக்கப்பட்ட வாசகம் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2017இல் எழுந்த முயற்சியும் சமயத் தலைவர்களின் எதிர்ப்போடு அடங்கிப்போயிற்று. வசதியுள்ள வீட்டுப் பெண் கடல் கடந்து சென்று காரியத்தை முடித்துக்கொள்கிறாள். வசதியற்றவளோ இருட்டறையில் ஒருவர் கையிலுள்ள கம்பிக்குத் தன் உயிரைக் கொடுக்கிறாள். சட்டம் இருவருக்கும் ஒன்றே என்று நாம் மேடையில் முழங்குகிறோம்!

பெண்ணின் சம்மதமின்றிக் கருவைச் சிதைப்பவனுக்கு 20 ஆண்டு வரை மறியல் விதிக்கும் 304ஆம் பிரிவைத் தொடவேண்டாம். அது தாயையும் பிள்ளையையும் ஒருங்கே காக்கும் நல்ல பிரிவு. 303ஆம் பிரிவிலிருந்து துடிப்பு என்னும் அளவுகோலையும், கருவைச் சிதைத்துக்கொண்ட பெண்ணுக்கான தண்டனையையும் நீக்குக. பலாத்காரத்துக்கு ஆளானவளுக்கும், பிழைக்க வழியில்லாத கருவைச் சுமப்பவளுக்கும் விலக்களிக்குக.

அதனோடு நின்றுவிடவும் ஆகாது. வயிற்றுப் பிள்ளைக்காகக் கண்ணீர் விடும் அரசாங்கம் அதன் உணவுக்கு என்ன செய்தது? நரம்புக் குழாய் 28ஆம் நாளில் மூடிக்கொள்கிறதென்றால், போலிக் அமில மாத்திரை கருவுறுமுன்பே பெண்ணின் கைக்கு வரவேண்டும். சிகிச்சை நிலையத்தில் பெயர் பதிந்த பின் கொடுப்பது அதற்குப் பிந்திய மருந்து. பிரசவ விடுமுறை 84 நாள் என்கிறது சட்டம். அது முதலாளி உள்ளவளுக்கு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தன் குடும்ப வயலில் நாற்று நடுபவளுக்கு, மிளகாய்த் தோட்டத்தில் நஞ்சு கரைத்துக் கொடுப்பவளுக்கு, விடுமுறை தருபவர் யார்? நிறைமாதத்திலும் அவள் குனிந்தே நிற்கிறாள். முதலாளி இல்லாத தாய்க்கு அந்த 84 நாளுக்குரிய கொடுப்பனவை அரசே செலுத்தவேண்டும் என்னும் கோரிக்கையை, நம் வாக்கைப் பெற்று நாடாளுமன்றம் சென்றோர் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்திலேயே எழுப்பவேண்டும். எழுப்பினார்களா என்பதை நாம் கவனித்துக்கொண்டிருப்போம்.