பஞ்சத்தின் பெயரால் ஒரு மாளிகை

ஜோத்பூரின் சித்தர் குன்றின் மேல் நிற்கும் உம்மேத் பவன் அரண்மனையில் தங்கித் திரும்பும் நம் பயணக் கட்டுரையாளர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். பஞ்சத்தில் வாடிய குடிமக்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே மன்னர் உம்மேத் சிங் இதைக் கட்டினார் என்பதே அது. விடுதியின் விளம்பரத் தாளில் உள்ள வாக்கியம், பெயரெச்சம்கூட மாறாமல் இலக்கியத்துக்குள் நுழைந்துவிடுகிறது. ஓர் இரவுக்குப் பல பத்தாயிரம் ரூபாய் செலுத்தியவரின் மனச்சான்றை இதைவிட மென்மையாகத் தாலாட்டும் வாக்கியம் வேறில்லை.

வேலை கொடுக்கப்பட்டது பொய்யன்று. 1920-களில் மார்வாரில் மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. 1929-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கல் சுமந்தனர். ஆனால் கட்டிமுடித்த ஆண்டு 1943. பதினான்கு ஆண்டுகள் நீடித்த பஞ்சம் எது? 347 அறைகளுக்கான தேவை பசித்தவனிடமிருந்து வந்ததா, அரசனிடமிருந்தா? கட்டடக் கலைஞர் ஹென்றி லான்செஸ்டரின் பெயர் நமக்குத் தெரியும். லண்டனிலிருந்து வந்த அறைகலன்கள் உலகப்போரில் கப்பலோடு மூழ்கிய பிறகு உள்ளலங்காரத்தை முடித்துக்கொடுத்த போலந்து ஓவியர் ஸ்டெஃபான் நார்ப்ளினின் பெயரும் தெரியும். சாந்து பூசாமல் ஒன்றோடொன்று கோத்த மணற்கற்களை எல்லோரும் வியக்கிறார்கள். அவற்றைச் சுமந்த ஒருவரின் பெயரைச் சொல்லும் ஒரு கட்டுரையேனும் உண்டா?

பஞ்ச நிவாரண வேலை என்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்ச விதித்தொகுப்புகள் ஈரமற்றவைதாம். ஆயினும் குளம், கால்வாய், சாலை என அடுத்த வறட்சியில் பயன்படுவதையே அவை முதன்மையாகக் கருதின. நமக்கு இது அந்நியமான செய்தியன்று. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, தாது வருடப் பஞ்சத்தின்போது 1877-78-இல் பசித்தவர்கள் வெட்டியது. அந்தப் பஞ்சத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அந்தக் கூலியைக் கருணை என்று எழுத நமக்குக் கை வருமா? ஜோத்பூர் என்றதும் மட்டும் எப்படி வருகிறது?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உம்மேத் சாகர் என்ற நீர்த்தேக்கமும் இதே மன்னரின் காலத்தில் உருவானதே. வறண்ட நிலத்தில் ஓர் அரசனுக்குப் பெருமை சேர்க்கவேண்டியது அதுதான். ஆனால் நீர்த்தேக்கத்தில் யாரும் தேனிலவு கொண்டாடுவதில்லை. ஆகவே அதைப் பற்றிப் பயணக் கட்டுரை இல்லை.

(போகிற போக்கில் ஒன்று: தாரைப் ‘பாலை’ என்று எழுதிப் பெருமூச்சு விடுகிறவர்கள் திணை இலக்கணத்தை மீண்டும் புரட்டிப் பார்க்கலாம். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்த நிலமே நம் பாலை. தார் எதனிலிருந்தும் திரிந்த நிலமன்று. கம்பும் ஒட்டகமும் மழைநீர்த் தொட்டியும் கொண்டு மனிதர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நிலம். அதை வெறுமை என்று வருணிப்பதும் விடுதிக்காரர்களின் மொழியே.)

பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதை நான் எதிர்க்கவில்லை. 1971-இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டபின் அரண்மனைகள் விடுதிகளானது இயல்பு; இடிந்து கிடப்பதைவிட மேல். இங்கு ஒரு பகுதி விடுதி, ஒரு பகுதி அருங்காட்சியகம், ஒரு பகுதியில் அரச குடும்பம். கல்லைப் புதுப்பிக்கட்டும். கூடவே அரச தயை என்னும் கதையையும் மெருகேற்றி விற்கும்போது, அதைக் காசு கொடுத்து வாங்கி நம் இதழ்களில் இலவசமாக அச்சிட வேண்டுமா?

அரண்மனைக்கும் குடிகளுக்கும் உள்ள உறவை எழுத விரும்புபவர்களுக்கு, ஜோத்பூரிலிருந்து தென்கிழக்கே 26 கிலோமீட்டர் தொலைவில் கேஜர்லி என்ற சிற்றூர் இருக்கிறது. 1730-இல் மன்னர் அபய சிங்கின் புதிய அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டி ஆட்கள் அங்கே வந்தனர். வன்னி மரங்களை வெட்டவிடாமல் தழுவிக்கொண்டு, அமிர்தா தேவி முதலாக 363 பிஷ்னோய் மக்கள் வெட்டுண்டு இறந்தனர். அவர்களுக்கு அங்கே நினைவிடம் உண்டு. ஒரு காலைப் பொழுதில் போய்த் திரும்பிவிடலாம். நான் படித்த தமிழ்ப் பயணக் கட்டுரைகளில் அந்த ஊர் இல்லை. அரண்மனையின் நிலவறை நீச்சல்குளத்தில் பதித்திருக்கும் ராசிச் சின்னங்கள் இருக்கின்றன.