தமயந்தியின் சிவப்பு

திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கலைக்கூடத்தில் இருக்கும் ரவிவர்மாவின் 'ஹம்ச தமயந்தி' 1899இல் தீட்டப்பட்டது. இணையத்தில் தேடினால், தமயந்தியின் சிவப்புப் புடவை ஒரு படத்தில் குங்கும நிறம், இன்னொன்றில் ஆரஞ்சு, மற்றொன்றில் ரோஸ். ஓவியம் ஒன்றுதான். பளிச்சென்று தெரியட்டும் என்று ஆளுக்கு ஆள் கைவைத்ததில் புடவையே மாறிவிட்டது.

இது கணினியோடு வந்த சிக்கல் அல்ல. ஓவியங்களை அச்சில் கொண்டுவரும்படி ரவிவர்மாவுக்கு யோசனை சொன்னவர் முன்னாள் திருவிதாங்கூர் திவான் சர் டி. மாதவராவ். 1894இல், தம்பி ராஜராஜவர்மாவின் துணையுடன் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். முதலில் வெளிவந்தது 'சகுந்தலையின் பிறப்பு'. அது கல்லச்சு முறை: வண்ணத்துக்கு ஒரு கல்லாக, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி எடுப்பார்கள். ஒரு சிவப்பை எந்தெந்தக் கற்களுக்குப் பிரிப்பது என்பதை அச்சகத்துக் கலைஞரின் கண்தான் முடிவு செய்தது. மூல ஓவியத்தைப் பார்த்தே இராத வீடுகளின் பூஜையறைக்கு லட்சுமியும் சரஸ்வதியும் போனது அந்த வண்ணத்தில்தான்.

இன்று அந்த முடிவை எண்கள் எடுக்கின்றன. ஜரிகையின் ஒரு புள்ளியில் சிவப்பு 200, பச்சை 120, நீலம் 40 என்று வைத்துக்கொள்வோம். ஒளியை ஒன்றரை மடங்காக்கினால் 300, 180, 60. ஆனால் கணினிப் படத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் 255தான் உச்சவரம்பு. சிவப்பு அங்கேயே நின்றுவிட, மற்றவை ஏறிக்கொள்ள, பொன்னிறம் மஞ்சளை நோக்கி நகர்ந்துவிடும். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ்.கே. நாயக், சி.ஏ. மூர்த்தி இருவரும் 2003இல் இதற்கு அழகான வழி சொன்னார்கள். ஒளியைக் கூட்டும்போது எண்களை 255இலிருந்து கழித்து, அந்த எதிர்நிறங்களைச் சுருக்கி, மீண்டும் திருப்பினால் போதும். நம் புள்ளி ஏறக்குறைய 224, 180, 136 ஆகும். மொத்த ஒளி ஒன்றரை மடங்கேதான். நிறம் இம்மியும் பிசகாது. செறிவு மட்டும் குறையும், படம் கொஞ்சம் வெளிறும்.

வெளிறுவதை நான் ஏற்றுக்கொள்வேன். செறிவு குறைந்த சிவப்பும் ரவிவர்மாவின் சிவப்புதான்; ஆரஞ்சு அவருடையதல்ல. ஓவியங்களை எண்மமாக்குவோர் படமெடுக்கும்போதே வண்ண அளவுகோல் அட்டையைப் பக்கத்தில் வைக்க வேண்டும், கைபடாத மூலக் கோப்பைத் தனியே காக்க வேண்டும். அச்சிடும் பத்திரிகைகள், ஒளி கூட்டியிருந்தால், படத்தின் கீழே அதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.